அம்மாவின் கால் விறைப்பும் நெட்டி முறிக்கும் வைத்தியமும்

வணக்கம் உறவுகளே. இன்றைக்கு ஊர் சுற்றவில்லை, வீட்டு விறாந்தையில் இருந்துதான் கதைக்கிறேன்.

போன மாதம் அம்மா நல்லூருக்குப் போய்விட்டு வந்தார். கேற்றடியில் பார்த்தால் ஒரு காலில்தான் செருப்பு. "மற்றது எங்கேயம்மா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. மத்தியான வெயிலில் தார் ரோட்டில் நடந்து வந்தும் சூடு உறைக்கவில்லை. கால் அவ்வளவுக்கு விறைத்து, உணர்வில்லாமல் போயிருந்தது.

கனடாவில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சொன்னோம். உடனே வட்சப்பில் வீடியோ வந்தது. ஒருவரைக் குப்புறக் கிடத்தி முதுகெலும்பில் ஓர் அழுத்து, டக் என்று சத்தம். கைரோபிராக்டிக்காம். 1895இல் அமெரிக்காவின் அயோவாவில் தொடங்கிய வைத்தியம். கால் விறைப்பு இதில் பறந்துவிடும் என்கிறார் சித்தப்பா.

சத்தம் கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் அம்மாவுக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம். கூடின சீனி நரம்பையும், அதற்கு இரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய குழாய்களையும் பழுதாக்கும். நீளமான நரம்புதான் முதலில் அடிபடும். அதனால்தான் கால்விரலில் தொடங்கி, சொக்ஸ் போட்ட மாதிரி இரண்டு காலிலும் ஏறுகிறது. நாரியில், அதாவது கீழ்முதுகில், எத்தனை தரம் நெட்டி முறித்தாலும் விரல் நுனியில் பட்டுப்போன நரம்பு தளிர்க்காது. நாரி எலும்புகளுக்கு இடையில் இருக்கும் டிஸ்க் விலகி, ஒரு கால் மட்டும் மின்னல் மாதிரி இழுப்பது வேறு கதை. அந்த நாரிப்பிடிப்புக்கு இது கொஞ்சம் உதவலாம். கழுத்தைத் திருகுவதற்கு மட்டும் நான் ஓம் சொல்லமாட்டேன். அரிதாக என்றாலும், இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, கிளினிக்குக்குப் போனோம். டொக்டர் ஒரு நைலோன் நூலை எடுத்தார். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நூல். அதைக் காலில் குத்தி, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கொஞ்ச நேரத்தில், "தொடங்குங்கோ டொக்டர்" என்றார். டொக்டர் அப்போது நாலாவது இடத்தில் குத்திக்கொண்டிருந்தார். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

விட்டமின் பி12உம் பார்க்கச் சொன்னார். சீனி வருத்தத்துக்குக் குடுக்கிற மெட்போர்மின் குளிசை கனகாலம் போட்டால் அது குறையலாம், அதுவும் விறைப்பைத் தரும். அம்மாவுக்குக் குறைந்துதான் இருந்தது. இப்போது ஊசி போடுகிறோம்.

சித்தப்பாவுக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை, கோபிப்பார். இரவில் உள்ளங்காலுக்குக் கீழே கண்ணாடி பிடித்துக் காயம் இருக்கிறதா என்று பார்க்கிறேன். "காலுக்கும் பொட்டு வைக்கப் போறியோ?" என்று அம்மா சிரிக்கிறார்.