வைட் மௌண்டனில் எட்டு மணி நேரம்

வணக்கம். அலாஸ்காவின் மேற்குப் பகுதியில், ஏறத்தாழ 200 பேர் மட்டுமே வாழும் வைட் மௌண்டன் என்னும், இனுபியாக் பழங்குடியினரின் சிற்றூரிலிருந்து பேசுகிறேன். இவ்வூருக்குச் சாலை கிடையாது. சிறிய விமானத்தில்தான் வந்து இறங்கினேன். நான் நின்றுகொண்டிருப்பது உறைந்துபோன ஃபிஷ் ஆற்றின் மேல். கேமராவின் பேட்டரி குளிரில் சட்டென்று உயிரை விட்டுவிடுவதால், மாற்று பேட்டரியைக் கம்பளிச் சட்டைக்குள் அக்குளில் இடுக்கிக்கொண்டு பேசுகிறேன். நடுவில் படம் நின்றுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பனியில் நாய்கள் சறுக்குவண்டியை இழுத்து ஓடும் இடிடராட் பந்தயத்தை ஒரு வாரத்துக்கு மேலாகப் பின்தொடர்ந்து வருகிறேன். ஆங்கரேஜ் நகரத் தெருக்களில் நடப்பது வெறும் அணிவகுப்புதான். மறுநாள் வில்லோவில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அங்கிருந்து அலாஸ்கா மலைத்தொடரைக் கடந்து, உறைந்த யூகான் ஆற்றின் மேல் ஓடி, பெரிங் கடற்கரையிலுள்ள நோம் என்னும் ஊரை, அதாவது பந்தயத்தின் முடிவிடத்தை, அடைய ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் போக வேண்டும். 1973-இல் முதன்முதலாக நோம் வரை நடந்த பந்தயத்தில் வென்ற டிக் வில்மார்த்துக்கு இருபது நாட்கள் ஆயின. இப்போது ஒன்பது, பத்து நாட்களில் முன்னணி அணிகள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

நோமுக்கு இன்னும் 124 கிலோமீட்டர்தான். ஆனாலும் இங்கே எல்லோரும் எட்டு மணி நேரம் நின்றே ஆக வேண்டும் என்பது விதி. முந்தியவர் பிந்தியவர் யாராயினும் ஒரே கணக்குதான்.

எனக்குப் பின்னால் தெரியும் அணியைப் பாருங்கள். பதினொரு நாய்கள், வைக்கோலின் மேல் சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொண்டு உறங்குகின்றன. வண்டியோட்டியை இங்கு மஷர் என்கிறார்கள். அவர் வந்து நின்றதும் தம்மைக் கவனித்துக்கொள்ளவில்லை. நாற்பத்து நான்கு கால்களிலிருந்தும் துணிக் காலுறைகளைக் கழற்றினார், அடுப்பில் வெந்நீர் வைத்து இறைச்சியையும் கொழுப்பையும் ஊறவைத்துக் கொடுத்தார். நாளொன்றுக்கு ஒரு நாய்க்கு ஏறத்தாழ 10,000 கலோரி தேவைப்படுவதால், அது தின்ன மறுத்தால் அணியின் கதை முடிந்தது என்று பொருள். அதன் பிறகுதான் அவர் ஊர் மண்டபத்துக்குப் போய், பூட்ஸைக்கூடக் கழற்றாமல் தரையில் சாய்ந்தார்.

இங்கிருந்து மேலே எதுவும் உறுதியில்லை என்பதற்கு 2014-ஐவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. நான்கு முறை வென்ற ஜெஃப் கிங் முதலிடத்தில் இவ்வூரை விட்டுக் கிளம்பினார். கடற்கரையில் வீசிய புயல்காற்றில் வண்டி தடம் மாறிப்போக, கடைசி நிறுத்தமான சேஃப்டியை நெருங்கிய நிலையில் பந்தயத்தைக் கைவிட்டார். அடுத்து வந்த அலி சர்க்கிள், காற்று தணியட்டும் என்று சேஃப்டியில் காத்திருந்தார். அதே காற்றுக்குள் நிற்காமல் போன டாலஸ் சீவி, மூன்றாம் இடத்துக்காகத் தம் தந்தையோடு போட்டியிடுவதாக நினைத்துக்கொண்டே நோமில் முதலாவதாக நுழைந்தார். சர்க்கிள் பின்தங்கியது 2 நிமிடம் 22 நொடி. காத்திருந்தது தவறு என்று வெதுவெதுப்பான அறையிலிருந்து சொல்லிவிடலாம். இந்தக் காற்றில் பத்து நிமிடம் நின்ற பிறகு எனக்கு அந்தத் துணிவில்லை.

நாய்களை இப்படி ஓட்டலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். 2024 பந்தயத்தில் மட்டும் மூன்று நாய்கள் இறந்தன; அதைச் சொல்லாமல் இந்த வைக்கோலையும் வெந்நீரையும் மட்டும் காட்டினால் நான் உங்களை ஏமாற்றுகிறவன் ஆவேன். ஓடுவதற்காகவே பிறந்தவை என்னும் பதில், சேணம் பூட்டும்போது அவை துள்ளுவதைப் பார்த்தால் பொய்யாகத் தெரியவில்லை. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பதை அவை முடிவு செய்வதில்லை.

மஷர் எழுந்து வந்துவிட்டார். கால்நடை மருத்துவரோடு சேர்ந்து ஒவ்வொரு முன்னங்காலையும் மடக்கிப் பார்க்கிறார். வண்டிக்கு அருகிலுள்ள பழுப்பு நாயின் மணிக்கட்டில் இருவர் விரல்களும் இரண்டாம் முறை நிற்கின்றன. மருத்துவர் ஒன்றும் சொல்லவில்லை. மஷரே அதன் கயிற்றை அவிழ்த்து, ஓரமாகக் கட்டுகிறார். இனி நாற்பது காலுறைகள் போதும்.

பத்து நாய்கள் கிளம்பிவிட்டன. நீங்கள் கேட்கும் இந்த ஊளை, அந்தப் பழுப்பு நாயுடையது.