டிஷ்வாஷர்ல தண்ணி சூடாகலையா? ஹீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

வணக்கம்ங்க. இன்னைக்கு ஒரே ஒரு கோளாறுதான். டிஷ்வாஷர் ஆன் ஆகுது, தண்ணி எடுக்குது, பீய்ச்சி அடிக்குது, கடைசில வெளியேத்திடுது. ஆனா பாத்திரத்தை எடுத்துப் பார்த்தா எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருக்கு, சோப்பு டேப்லெட் பாதி கரையாம கிடக்கு, எல்லாம் பச்சைத் தண்ணில கழுவுன மாதிரி சில்லுனு இருக்கு.

பார்த்த உடனே ஹீட்டர் போச்சுன்னு முடிவு பண்ணி புதுசு ஆர்டர் போட்டுடுறாங்க. அவசரப்படாதீங்க. ஹீட்டர் தானா ஆன் ஆகாது. தண்ணி அளவு, பம்ப் பிரஷர், டெம்பரேச்சர் சென்சார், அளவுக்கு மீறி சூடானா கரண்டைத் துண்டிக்கிற சேஃப்டி கட்-அவுட் (தெர்மல் கட்-அவுட்), கன்ட்ரோல் போர்டுல இருக்கிற ரிலே (போர்டு சொன்னா ஹீட்டருக்குக் கரண்ட் விடுற சுவிட்ச்), இவ்வளவும் ஒத்துக்கிட்டாதான் அதுக்குக் கரண்ட் போகும். இதுல ஏதாவது ஒண்ணு மறுத்தாலும் தண்ணி சூடாகாது. ஹீட்டர் முழுசா நல்லா இருக்கும்போதே!

முதல்ல, நிஜமாவே சூடாகலையான்னு உறுதி பண்ணிக்கோங்க. பிளாஸ்டிக் டப்பா மட்டும் ஈரமா இருந்தா அது கோளாறே இல்ல, பிளாஸ்டிக் சூட்டைப் பிடிச்சு வைக்காது. ரின்ஸ் எய்ட் (பாத்திரம் சீக்கிரம் காய ஊத்துற திரவம்) தீர்ந்திருந்தாலும் ஈரம் நிக்கும். ப்ரீ-வாஷ் கட்டத்துல நிறைய மெஷின் தண்ணியைச் சூடு பண்ணவே பண்ணாது, அதனால அப்போ கையை வச்சுப் பார்த்துட்டு பயப்படாதீங்க. 65 அல்லது 70 டிகிரி இன்டென்சிவ் ப்ரோகிராம் போடுங்க. மெயின் வாஷ் ஆரம்பிச்சு இருபது நிமிஷம் ஆனதும் நிறுத்திட்டு, கதவை மெதுவாத் திறந்து, ஃபில்டர் மேல நிக்கிற தண்ணில தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்க. உங்க மெஷின் வெந்நீர் லைன்ல இணைச்சிருந்தா இந்த டெஸ்ட் ஏமாத்திடும், அப்போ குளிர்ந்த தண்ணி லைனுக்கு மாத்திட்டுப் பண்ணணும்.

அடுத்து, எனக்கு ரொம்பப் பிடிச்ச கருவி இதோ, வாட் மீட்டர் பிளக். சுவர் சாக்கெட்டுக்கும் டிஷ்வாஷர் பிளக்குக்கும் நடுவுல மாட்டணும். உங்க மெஷின் இழுக்கிற முழு கரண்டைத் தாங்குறதா இருக்கணும், 230 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் ரகம் எடுங்க. மெஷினைத் திறக்காமலே பாதிப் பிரச்சினையை இது பிரிச்சுக் கொடுத்துடும். பம்ப் மட்டும் ஓடினா டிஸ்ப்ளேல பொதுவா நூறு வாட்டைச் சுத்தித்தான் காட்டும். ஹீட்டர் ஆன் ஆன நொடியில 230 வோல்ட் மெஷின்ல 1800-ல இருந்து 2200 வாட் வரைக்கும் எகிறும். 120 வோல்ட் மெஷின்ல அதுல ஏறக்குறைய பாதி.

மெயின் வாஷ் முழுக்க ஒருதடவை கூட எகிறலன்னா, ஹீட்டருக்குக் கரண்ட் போகல, இல்ல ஹீட்டர் அறுந்திருக்கு. எகிறி எகிறி உடனே விழுதுன்னா பிரஷர் நிலையா இல்ல, இல்ல சென்சார் தப்பாச் சொல்லுது, இல்ல கட்-அவுட் விழுது. எகிறி நல்லா நிக்குது, ஆனாலும் தண்ணி சூடாகலன்னா, சூடான தண்ணி வெளிய போய்க்கிட்டிருக்கு. ட்ரெயின் குழாயை மேல தூக்கி வளைச்சுக் கட்டாம விட்டா சைஃபன் ஆகி தண்ணி தானா இறங்கும், மெஷின் மறுபடி புதுத் தண்ணி எடுத்துக்கிட்டே இருக்கும். அதுக்கு ஒரு கிளாம்ப் போதும், எந்தப் பார்ட்ஸும் வேண்டாம்.

எவ்வளவு நேரம் பார்க்கணும்? 4 லிட்டர் தண்ணியை 15-ல இருந்து 55 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் ஹீட்டருக்குக் கணக்குப்படி அஞ்சரை நிமிஷம். ஆனா பாத்திரமும் ஸ்டீல் தொட்டியும் சேர்ந்து சூடாகணுமே, அதனால பதினஞ்சு, இருபது நிமிஷம்கூட ஆகலாம்.

வாட் எகிறலயா? உடனே ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க. ஃபில்டரைக் கழட்டிக் கழுவுங்க, ஸ்ப்ரே ஆர்ம் ஓட்டையைக் குத்தி எடுங்க, தண்ணி வர்ற குழாய் முனைல இருக்கிற சல்லடையைப் பாருங்க. ஏன்னா நிறைய மாடல்ல தண்ணி போதுமான வேகத்துல சுத்தினாதான் பிரஷர் சுவிட்ச் ஒட்டும், அது ஒட்டினாதான் ஹீட்டர். ஒரு பெரிய கிண்ணம் கவிழ்ந்து நிக்காம நிமிர்ந்து தண்ணியைப் பிடிச்சு வச்சுக்கிட்டாக்கூட பம்புக்குத் தண்ணி பத்தாமப் போகும். கையால கழுவுற சோப்பை ஊத்தியிருந்தா நுரை வந்து பம்ப் காத்தை இழுக்கும், பிரஷர் விழும், ஹீட்டர் நின்னுடும். ஹீட்டர் கம்ப்ளெயின்ட்ல இதையெல்லாம் யாரும் சந்தேகப்படுறதே இல்ல.

இதெல்லாம் சரின்னா இப்போ திறக்கலாம். சுவிட்ச் ஆஃப் பண்ணினா மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கணும். குழாயை மூடுங்க, அடியில தேங்குன தண்ணியை ஸ்பாஞ்சால ஒத்தி எடுங்க, கையுறை போடுங்க, தகட்டு விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். மெஷினைச் சாய்க்கிறப்போ உப்புத் தொட்டித் தண்ணி கொட்டும், அது வயரிங் மேல படாம துணி போட்டுக்கோங்க.

ஹீட்டரோட ரெண்டு வயரையும் கழட்டிட்டுத்தான் மல்டிமீட்டர்ல ஓம்ஸ், அதாவது மின்தடை, பார்க்கணும். கழட்டாமப் பார்த்தா வேற வழியா ரீடிங் வந்து குழப்பும். எவ்வளவு காட்டணும்னு நீங்களே கணக்குப் போடலாம்: வோல்டேஜை வோல்டேஜால பெருக்கி, வாட்டால வகுங்க. 230 வோல்ட், 2000 வாட்னா சுமார் 26 ஓம்ஸ். ஒண்ணுமே காட்டலன்னா அறுந்துபோச்சு. அப்புறம் ஒரு முனையிலயிருந்து ஹீட்டரோட உலோக உடம்புக்கு வச்சுப் பாருங்க, மீட்டரோட பெரிய ரேஞ்ச்லயும் எந்த ரீடிங்கும் வரக்கூடாது. ஒரு விஷயம் கவனிங்க: மல்டிமீட்டர் கொடுக்கிறது ரொம்பச் சின்ன வோல்டேஜ். லீக்கேஜ் சூட்டுலதான் வெளிய தெரியும். ஹீட்டிங் நேரத்துல மட்டும் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா தானா ஆஃப் ஆகுற சுவிட்ச்) ட்ரிப் ஆகுதுன்னா, மீட்டர் நல்லா இருக்குன்னு சொன்னாலும் ஹீட்டரை நம்பாதீங்க.

கேமராவைக் கிட்ட கொண்டுவரேன், இந்த டெர்மினலைப் பாருங்க. பிளாஸ்டிக் உறை பழுப்பாகி, தொட்டா உதிருது, உள்ள தகடு நீலம் பாஞ்சிருக்கு. லூஸ் கனெக்‌ஷன் சூடாகி இப்படி ஆயிடுச்சு. இதை அப்படியே திருப்பி மாட்டாதீங்க. செம்பு பளிச்சுனு தெரியிற வரைக்கும் வயரை வெட்டி, சூடு தாங்குற புது டெர்மினலை கிரிம்ப் பண்ணுங்க, அதாவது அதுக்கான கருவியால அழுத்தி இறுக்குங்க. சால்டர் வேண்டாம், திரும்பச் சூடானா இளகிடும்.

தெர்மல் கட்-அவுட் அறை வெப்பத்துல கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம்ஸ் காட்டணும். போயிருந்தா வயரைச் சேர்த்து முறுக்கி பைபாஸ் பண்ற பழக்கம் இருக்கு. தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, தீப்பிடிக்கும். அது போனதுக்குக் காரணம் ஹீட்டர் மேல சுண்ணாம்புப் படிவமா, தண்ணியில்லாம ஓடினதான்னு தேடுங்க, இல்லன்னா புதுசும் போயிடும்.

சென்சார், அதாவது தெர்மிஸ்டர், பல மாடல்ல 25 டிகிரில 10 கிலோ ஓம்ஸ். உங்க மாடல் மதிப்பை சர்வீஸ் ஷீட்ல பாருங்க. சூடான தண்ணில முக்கினா ரீடிங் குதிக்காம சீரா இறங்கணும். இதுல ஏமாத்துற கேஸ் ஒண்ணு இருக்கு: முழுசாப் போகாம, மதிப்பு கீழ இறங்கிப்போன சென்சார். 40 டிகிரி தண்ணியை 60-னு போர்டுக்குச் சொல்லும். எரர் கோட் வராது, ப்ரோகிராமும் ஒழுங்கா முடியும், பாத்திரம் மட்டும் பிசுபிசுன்னு இருக்கும்.

ஹீட்டர், டெர்மினல், கட்-அவுட், சென்சார் எல்லாம் சரி, ஆனாலும் வாட் எகிறலன்னா போர்டுதான். ஹீட்டர் ரிலேவோட கால்களை லென்ஸ் வச்சுப் பாருங்க. சால்டரைச் சுத்தி மயிரிழை மாதிரி ஒரு வட்டக் கீறல் தெரியும், பக்கத்துல போர்டு கருகியிருக்கும். கீறல் மட்டும்னா பழைய ஈயத்தை எடுத்துட்டு புதுசா சால்டர் பண்ணலாம். ரிலேவை மாத்துறதா இருந்தா காயில் வோல்டேஜும் கான்டாக்ட் ஆம்பியரும் அச்சா அதேதான் இருக்கணும். கரண்ட் இருக்கும்போது போர்டுல மீட்டர் வைக்கிற வேலையைப் பழகினவங்க மட்டும் செய்யுங்க.

கடைசியா, புது ஹீட்டர்தான்னு முடிவானா, சில மாடல்ல அது பம்போட சேர்ந்தே வரும், தனியா கிடைக்காது. ரப்பர் சீலுக்குச் சமையல் எண்ணெயோ வாசலினோ தடவாதீங்க, ஊதிப்போகலாம். சோப்புத் தண்ணி போதும். மாட்டினதும் பாத்திரம் வைக்காம இன்டென்சிவ்ல ஓடவிட்டு, வாட் மீட்டர்ல ரீடிங் எகிறுதான்னு பாருங்க. சீல் சூடாகி விரிஞ்ச பிறகு அடியில டார்ச் அடிச்சு, ஒரு சொட்டுகூட இல்லன்னா பிளக்கைப் பிடுங்கிட்டு பேனலை மூடுங்க.