முதியவரிடம் முதலில் கேட்க வேண்டியது

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

வயதானவர்களுக்குப் பராமரிப்பு தேவைப்படும் நாளை எவ்வளவு தூரம் தள்ளிப்போட முடியும்? இதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இந்தக் கேள்வியை முறையான ஆய்வாகவே எடுத்துச் செய்தவர்களில், அன்றாட வேலைகளை நாமே செய்துகொள்ள உதவும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் முக்கியமானவர்கள். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பிசியோதெரபிஸ்ட் பார்ப்பார். அந்த முழங்காலோடு நீங்கள் எப்படிக் குளிக்கிறீர்கள், எப்படிப் பேருந்தில் ஏறுகிறீர்கள், முன்பெல்லாம் போய்வந்த இடத்துக்கு ஏன் இப்போது போவதில்லை என்றெல்லாம் இவர்கள் விசாரிப்பார்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மையப் பகுதியில் ஏஞ்சலஸ் பிளாசா என்றொரு குடியிருப்பு இருக்கிறது. வருமானம் குறைந்த முதியவர்களுக்காக அரசு மானியத்தில் நடப்பது. 1990களில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஃபுளோரன்ஸ் கிளார்க்கும் அவருடைய குழுவினரும், அங்கும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இருந்த முதியவர்கள் 361 பேரை ஓர் ஆய்வில் சேர்த்துக்கொண்டார்கள். எல்லோரும் 60 வயதைத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். தங்கள் காரியங்களைத் தாங்களே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இதைக் கவனியுங்கள்: அவர்கள் நோயாளிகள் அல்லர். படுக்கையில் விழும்வரை காத்திருந்து சிகிச்சை தொடங்காமல், நன்றாக இருக்கும்போதே இவர்களைத் தேடிப் போனார்கள்.

குலுக்கல் முறையில் மூன்று பிரிவு. முதல் பிரிவினருக்கு 9 மாதம் ஆக்குபேஷனல் தெரபி: வாரம் 2 மணி நேரம் சிறு குழுவாக உட்கார்ந்து பேச்சும் பயிற்சியும், அதுபோக மொத்தம் 9 மணி நேரம் தனித்தனியே. இரண்டாவது பிரிவினருக்கும் ஏறக்குறைய அதே அளவு நேரம் கொடுத்தார்கள். ஆனால் தெரபிஸ்ட் கிடையாது. கைவினை, சினிமா, விளையாட்டு, நடனம், வெளியே அழைத்துப் போவது என்று கலகலப்பாகப் பொழுதுபோக வழி செய்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமில்லை.

1997இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவு வெளியானது. தெரபி பெற்றவர்களுக்கு உடல்நலம், அன்றாடச் செயல்பாடு, வாழ்க்கையில் மனநிறைவு எனப் பல அளவைகளில் பலன் தெரிந்தது. மற்றவர்கள் அந்த 9 மாதத்தில் பொதுவாகச் சற்றுச் சரிந்திருந்தார்கள். என்னை உலுக்கியது இரண்டாவது பிரிவின் கதைதான். வாரா வாரம் கூடிச் சிரித்துப் பேசியவர்களுக்கும், ஒன்றுமே பெறாதவர்களுக்கும் இடையே வித்தியாசமே இல்லை!

நம்மில் எத்தனை பேர் "அப்பாவுக்குப் பொழுது போனால் போதும்" என்று நினைத்திருக்கிறோம்? பொழுதுபோக்கு இனிமையானது, வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே நிகழ்ச்சியை வேறு யாரோ தீர்மானித்தார்கள், முதியவர் வந்து உட்கார்ந்தார். தெரபிக் குழுவிலோ, தன் நாள் எப்படிப் போகிறது, அதில் தனக்கு எது முக்கியம், அதைச் செய்யவிடாமல் தடுப்பது எது என்று அவரே அலசிப் பார்க்க வேண்டும். நகரப் பேருந்தைப் பிடித்து எப்படிப் போய்வருவது, வலிக்கும் மூட்டுக்கு நோகாமல் எப்படி வேலை செய்வது, இருக்கிற தெம்பைக் காலை முதல் மாலை வரை எப்படிப் பிரித்துச் செலவழிப்பது, கையிலிருக்கும் பணத்தில் எப்படி நல்லபடி சாப்பிடுவது... பேச்சு இப்படித்தான் போனது. பயிற்சி நின்று 6 மாதம் கழித்துப் பார்த்தபோதும் கிடைத்த பலனில் சுமார் 90 சதவீதம் அப்படியே இருந்தது.

சரி, ஏற்கெனவே முடியாமல் போனவர்களுக்கு? அதற்குப் பால்டிமோருக்குப் போக வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சாரா சான்டன் ஒரு செவிலியர். வீடு வீடாகப் போய் ஏழை முதியவர்களைக் கவனித்து வந்தவர். வியாதியைப் போலவே வீடும் ஆளை முடக்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவர். பிலடெல்பியாவில் லாரா கிட்லின் முன்னரே செய்திருந்த ஆய்வின் அடித்தளத்தில் அவர் எழுப்பிய திட்டத்தின் பெயர் கேப்பபிள். ஓர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ஒரு செவிலியர், வீட்டில் பழுது பார்க்க ஓர் ஆள். அவ்வளவுதான் குழு. சில மாதங்களுக்குள் தெரபிஸ்ட் 6 முறை வரையும் செவிலியர் 4 முறை வரையும் வருவார்கள். மாடிப்படிக்கு இன்னொரு பக்கமும் கைப்பிடி, குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி, உயர்த்திய கழிப்பறை இருக்கை, தரையில் கால் இடறும் பள்ளத்தை அடைப்பது என்று வேலை நடக்கும். இவை பெரிய சாதனங்களே அல்ல. எதைச் சரிசெய்வது என்று முடிவெடுப்பவர் யார் என்பதில்தான் இந்தத் திட்டத்தின் உயிர் இருக்கிறது. இலக்கை முதியவரே தேர்ந்தெடுப்பார்.

2016இல் வெளியான முடிவுகளின்படி, பங்கேற்ற 281 பேரில் நான்கில் மூன்று பங்கினர் முன்னேறியிருந்தார்கள். குளிப்பது, உடுத்துவது போன்ற 8 அன்றாடச் செயல்களில் சராசரியாக 3.9 செயல்கள் சிரமமாக இருந்தவர்களுக்கு 2 செயல்களில்தான் சிரமம் மிஞ்சியது. 2019இல் 300 பேரை வைத்துக் குலுக்கல் முறையிலும் சோதித்தார்கள். அதில் ஒப்பீட்டுப் பிரிவினரையும் 10 முறை வீட்டுக்குப் போய்ப் பார்த்துத் துணையாக இருந்தார்கள். அப்படியிருந்தும் ஐந்தாவது மாதத்தில் கேப்பபிள் பிரிவின் இயலாமை மதிப்பெண் 30 சதவீதம் குறைவாக இருந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சிட்னியிலிருந்து வருகிறது. 530 முதியவர்களை வைத்து நடந்த, 1999இல் வெளியான ஆய்வு அது. தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து ஆபத்தான இடங்களைச் சுட்டிக்காட்டினார். முந்தைய ஆண்டில் விழுந்திருந்தவர்களிடையே மறுபடி விழுவது 36 சதவீதம் குறைந்தது. வீட்டுக்கு வெளியே விழுவதும் சேர்ந்தே குறைந்ததுதான் வியப்பு. வீட்டுக்குள் செய்த மாற்றங்கள் மட்டும் இதைச் செய்திருக்க முடியாது. எப்படி நடக்கிறோம், எங்கே கால் வைக்கிறோம் என்ற கவனமும் மாறியிருக்க வேண்டும் என்றே நான் புரிந்துகொள்கிறேன். ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சொன்ன மாற்றங்களில் சுமார் பாதிதான் அந்த வீடுகளில் இருந்தன. அம்மாவின் அறையை அம்மாவைக் கேட்காமல் மாற்றியமைக்கும் நாம் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே சிட்னியில் லிண்டி கிளெம்சன் என்ற ஆக்குபேஷனல் தெரபி ஆய்வாளர், விழுந்து அனுபவப்பட்ட 70 வயதுக்கு மேற்பட்டோர் 317 பேரை வைத்து நடத்திய ஆய்வில், ஒரு பிரிவினரிடம் உடற்பயிற்சியை வேறு விதமாகக் கொண்டு சென்றார். அன்றாட வேலைக்குள்ளேயே பயிற்சியை நுழைத்தார். பாத்திரம் கழுவும்போது ஒரு காலில் நிற்பது, கீழே இருக்கும் பொருளை முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி எடுப்பது போன்றவை. ஒப்பீட்டுப் பிரிவினரைவிட இவர்கள் விழுவது 31 சதவீதம் குறைந்தது. 2012இல் இதை வெளியிட்டார்கள். தனியாக நேரம் ஒதுக்கிப் பயிற்சி செய்யச் சொன்னால் சில வாரங்களில் கைவிடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பாத்திரம் கழுவுவதை யாரும் கைவிடுவதில்லை. ஆகவே வீட்டில் பெரியவர் கையிலிருந்து கரண்டியையும் துடைப்பத்தையும் அன்பினால் பிடுங்காதீர்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

டென்மார்க்கில் 2015இல் இதைச் சட்டமாகவே கொண்டுவந்தார்கள். வீட்டு உதவி கேட்டு ஒரு முதியவர் விண்ணப்பித்தால், நிரந்தரமாக ஆள் அனுப்புவதற்கு முன், அந்த வேலையை அவரே திரும்பச் செய்யப் பயிற்சி உதவுமா என்று உள்ளாட்சி பார்க்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். உதவும் என்றால், குறிப்பிட்ட காலத்துக்கு அவருடைய சொந்த இலக்கை ஒட்டி அந்தப் பயிற்சியைக் கொடுத்தாக வேண்டும் என்றும் சொன்னது.