வடக்கே ஒரு மலைச்சுவர்: அலாஸ்காவின் புரூக்ஸ் தொடர்

நேயர்களுக்கு வணக்கம். அலாஸ்காவின் மலைகள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது தெனாலி சிகரம். 6,190 மீட்டர், வட அமெரிக்காவிலேயே மிக உயரமானது. அதைப் பற்றிப் பேச ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் பேசப்போவது அங்கிருந்து இன்னும் ஏறக்குறைய 500 கிலோமீட்டர் வடக்கே, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டிக் கிடக்கும் புரூக்ஸ் மலைத்தொடரைப் பற்றி. அலாஸ்காவின் மேற்குக் கரையோரத்தில் தொடங்கி, கிழக்கே கனடாவின் யூகான் பகுதிக்குள் நுழையும் வரை சுமார் 1,100 கிலோமீட்டர் நீளம். இத்தனை நீளத்தையும் குறுக்கே கடக்கும் சாலை ஒன்றே ஒன்றுதான்.

முதலில் உயரத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கேட்டதும் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இந்தத் தொடரின் மிக உயர்ந்த சிகரமான இஸ்டோ 2,736 மீட்டர். நம் ஆனைமுடி 2,695 மீட்டர். வித்தியாசம் வெறும் நாற்பது மீட்டர். ஆனைமுடியில் புல்வெளியும் சோலைக்காடும் இருக்கின்றன, இஸ்டோவைச் சுற்றிப் பனியாறுகள் இருக்கின்றன. புரூக்ஸ் தொடரை உயரத்தை வைத்து எடைபோட்டால் தப்பாகப் போகும் என்பதற்காகவே இதைச் சொன்னேன். அது எங்கே நிற்கிறது, எதை எதிலிருந்து பிரிக்கிறது என்பதில்தான் அதன் விசேஷம்.

சுவர் என்று தலைப்பில் சொன்னதற்குக் காரணம் உண்டு. தெற்குச் சரிவில் ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரங்கள் பள்ளத்தாக்குகளில் ஏறிவந்து, ஓரிடத்தில் நின்றுபோகின்றன. முகட்டைத் தாண்டி வடக்கே இறங்கினால் காடு என்பதே கிடையாது. பாசியும் புல்லும் முழங்கால் உயரப் புதருமாகத் தூந்திரச் சமவெளி ஆர்க்டிக் கடல் வரை விரிந்து கிடக்கிறது. அங்கே மழையும் பனியும் பெய்வது மிகக் குறைவு. பெய்கிற அளவை மட்டும் பார்த்தால் பாலைவனக் கணக்குத்தான். ஆனால் கோடையில் கால் வைத்தால் சொதசொதவென்று இறங்கும். அடியில் மண் நிரந்தரமாக உறைந்திருப்பதால் தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிவிடுகிறது. கடலோரத்தில் பிரூடோ வளைகுடாப் பக்கம் இந்த உறைமண்ணின் ஆழம் 600 மீட்டரைத் தொடுகிறது.

ஆறுகளையும் இந்தச் சுவர்தான் பங்கு பிரிக்கிறது. முகட்டுக்கு வடக்கே விழும் துளி ஆர்க்டிக் பெருங்கடலுக்குப் போகிறது. தெற்கே விழுந்தால் கோயுகுக், ஷீன்ஜெக் போன்ற ஆறுகள் வழியாக யூகான் ஆற்றில் கலந்து, நெடுந்தூரம் சுற்றிப் பேரிங் கடலைச் சேர்கிறது. மேற்குப் பக்கம் நோட்டாக், கோபுக் என்று இரண்டு பெரிய ஆறுகள். அவை மலைக்கு இணையாகவே ஓடி கோட்ஸ்பியூ வளைகுடாவில் விழுகின்றன. கோபுக் ஆற்றின் தெற்கே, ஆர்க்டிக் வட்டத்துக்கும் வடக்கில், மணல்மேடுகள் இருக்கின்றன என்றால் நம்புவது கடினம். பழைய பனியாறுகள் பாறையை அரைத்த துகளைக் காற்று வாரிக் குவித்தது அது. ஒட்டகம் ஒன்றுதான் குறை.

இந்த மலைகள் எப்படி எழுந்தன? பெரும்பகுதி கடலடியில் பிறந்தவை. 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இதமான ஆழமற்ற கடலில் படிந்த சுண்ணாம்புக்கல் இன்று சாம்பல் நிறச் செங்குத்துப் பாறைகளாக நிற்கிறது. அதில் பவளப் புதைபடிவங்களைப் பார்க்கலாம். பிற்பாடு, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், நிலத்தட்டுகள் நெருக்கியதில் அந்தப் படுகைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தள்ளப்பட்டு மலையாயின. கிழக்கு மூலை மட்டும் அதற்கப்புறமும், சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, இன்னொரு முறை நெருக்குண்டு உயர்ந்தது. உயரமான சிகரங்கள் எல்லாம் கிழக்கே ரோமன்சாஃப், ஃபிராங்க்ளின் மலைகளில் நெருக்கமாக இருப்பதும், மேற்கே போகப்போக டி லாங் மலைகளில் தொடர் தாழ்ந்து படுத்துவிடுவதும் இதனால்தான்.

நடுவில் அரிகெச் சிகரங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சுண்ணாம்புக்கல்லுக்கும் களிக்கல்லுக்கும் நடுவே கருங்கல் திடீரென்று ஊசி ஊசியாகக் கிளம்பி நிற்கும் இடம். பனியாறுகள் இரண்டு பக்கமும் செதுக்கி, நடுவே கத்தி விளிம்பு மாதிரி முகடுகளை விட்டுப் போயிருக்கின்றன. பாறையேறுகிறவர்கள் இதற்காகவே உலகின் மறுகோடியிலிருந்து வருகிறார்கள். மேற்கே கொஞ்சம் தள்ளினால் இகிக்பாக், 2,500 மீட்டருக்குச் சற்று மேல். மத்தியப் பகுதியில் அதுதான் பெரியவர். நோட்டாக் ஆறு பிறப்பது அதன் சரிவில்.

இனி எனக்குப் பிடித்த கதை. புரூக்ஸ் தொடரில் எது உயர்ந்த சிகரம் என்ற கேள்விக்கு 2014 வரை ஒழுங்கான விடை இல்லை. செயற்கைக்கோள் வந்து இத்தனை காலம் ஆன பிறகும்! அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை 1950களின் அளவையை வைத்து வெளியிட்ட வரைபடங்களில் ஒரு வரைபடம் சேம்பர்லின் சிகரமே உயரம் என்றது. வேறு அளவுகோலில் வரைந்த இன்னொன்று இஸ்டோ என்றது. இரண்டும் அதே துறையின் வரைபடங்கள். அறுபது ஆண்டுகள் யாரும் இதைத் தீர்க்கவில்லை. அங்கே போவது அவ்வளவு சிரமம், போனாலும் வானம் தெளிவாக இருக்க வேண்டும்.

அலாஸ்கா பல்கலைக்கழகத்தில் பனியாற்று ஆய்வாளராக இருந்த மாட் நோலன் ஒரு வழி கண்டார். சிறு விமானத்தில் சாதாரணமாகக் கடையில் கிடைக்கும் வகைக் கேமராவைப் பொருத்தி, துல்லியமான ஜிபிஎஸ் கருவியையும் இணைத்து, மலைமேல் பறந்து ஒன்றின்மேல் ஒன்று படியும்படி படங்களை எடுத்துத் தள்ளினார். ஒரே பாறை பல கோணங்களில் பதிவாகும்போது அதன் உயரத்தைக் கணினி கணக்கிட்டுவிடும். வானிலிருந்து எடுத்த கணக்கு சரிதானா என்று பார்க்க வேண்டாமா? பனிச்சறுக்கு மலையேற்ற வீராங்கனை கிட் டெலோரியர்ஸ் ஜிபிஎஸ் கருவியைத் தூக்கிக்கொண்டு இஸ்டோவிலும் சேம்பர்லினிலும் ஏறினார். இரண்டு அளவும் சில அங்குல வித்தியாசத்தில் ஒத்துப்போயின. இருவரும் சேர்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள்: முதலிடம் இஸ்டோ, அடுத்து ஹப்லி, மூன்றாவதாகத்தான் சேம்பர்லின், 2,712 மீட்டர். நான்காவது மைக்கெல்சன், அதற்கும் 14 மீட்டர் கீழே.

சேம்பர்லின் பழைய வரைபடத்தில் 2,749 மீட்டர். அப்படியானால் மலை குறைந்துவிட்டதா? அதன் உச்சி பாறை அல்ல, பனியாற்று மூடி. இஸ்டோவின் உச்சி பாறை. பனி கரைய கரைய சேம்பர்லின் தாழும், இஸ்டோ அப்படியே நிற்கும். ஆனால் அந்த 37 மீட்டரும் உருகிப்போனது என்று அடித்துச் சொல்ல முடியாது. பழைய அளவையிலேயே பிழை இருந்திருக்கலாம். இரண்டில் எது எவ்வளவு என்று பிரிப்பது சிரமம். ஹப்லி சிகரத்தின் பெயர், அதன் பக்கத்திலுள்ள மெக்கால் பனியாற்றில் ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கி, 1957இல் அங்கேயே இறந்துபோன ரிச்சர்ட் ஹப்லியின் பெயர். அவர் குழு அன்று தொடங்கிவைத்த அளவுகளால்தான் அந்தப் பனியாறு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது இன்று தெரிகிறது.

உயரத்தை அதிகமாக மதிப்பிட்ட இன்னொருவரும் உண்டு. வனவியல் அறிஞர் ராபர்ட் மார்ஷல். 1929இல் கோயுகுக்கின் வடக்குக் கிளையோரமாக மேலே நடந்தபோது ஆற்றுக்கு இருபுறமும் இரண்டு மலைகள் எதிரெதிராக நிற்பதைப் பார்த்து, அந்த இடத்துக்கு ஆர்க்டிக் வாசல் என்று பெயர் வைத்தார். அவர் பத்தாயிரம் அடிக்கும் மேல் இருக்கும் என்று எண்ணி, 1938இலும் 1939இலும் ஏறப் பார்த்துத் தோற்ற டூனராக் சிகரம், அளந்து பார்த்தால் ஏழாயிரத்து ஐந்நூறு அடிகூட இல்லை. மரமில்லாத நிலத்தில் கண்ணுக்கு அளவுகோல் கிடையாது, அதனால் இதில் வியப்பில்லை. அவர் வைத்த பெயர்தான் 1980இல் அமைந்த தேசியப் பூங்காவுக்கும் வந்தது. பூங்கா என்றால் நடைபாதை, நிழற்குடை, கடை என்று நினைக்க வேண்டாம். அதற்குள் ஒரு சாலையும் இல்லை, போட்டுவைத்த பாதையும் இல்லை. ஏரியில் இறங்கும் சிறு விமானத்தில் போகலாம், அல்லது நெடுஞ்சாலையிலிருந்து ஆறுகளைக் கடந்து நடக்கலாம்.

மார்ஷல் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. யாரும் காலடி வைக்காத மலை என்ற எண்ணத்தை அவரைப் போன்றவர்கள் பரப்பினார்கள். அந்தப் பள்ளத்தாக்குகளில் நுனாமியுட் என்னும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். கரிபூ மான்களின் பின்னால் கணவாய்களில் நடந்தவர்கள். 1920களில் மான்கள் குறைந்துபோனதால் பெரும்பாலானோர் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். மார்ஷல் வந்தபோது மலை காலியாகத் தெரிந்தது அதனால்தான். 1930களின் முடிவில் சில குடும்பங்கள் திரும்பி வந்தன. பிறகு அனாக்டுவுக் கணவாயில் ஊர் அமைத்துத் தங்கினார்கள். இன்றும் சில நூறு பேர் வாழும் அந்த ஊருக்குச் சாலை கிடையாது. பூங்காவின் எல்லைக்குள் தங்கள் பிழைப்புக்காக வேட்டையாடும் உரிமை அவர்களுக்குச் சட்டப்படி இருக்கிறது.

மான்களைப் பற்றி ஒரு வார்த்தை. கிழக்குப் பகுதியில் போர்க்குபைன் கூட்டம் என்று ஒன்று, 2017 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 2,18,000 மான்கள். குளிர்காலத்தில் மலைக்குத் தெற்கே மரங்கள் உள்ள இடத்தில் இருந்துவிட்டு, வசந்தத்தில் சினை மான்கள் முன்னே போக, கணவாய்கள் வழியாகத் தொடரைக் கடந்து ஆர்க்டிக் கரையோரச் சமவெளிக்குப் போய்க் குட்டி போடுகின்றன. அங்கே ஓநாயும் கரடியும் குறைவு. கடற்காற்று கொசுவையும் கொஞ்சம் விரட்டும். அதே சமவெளியின் அடியில் எண்ணெய் இருக்கலாம் என்பதால்தான் வாஷிங்டனில் பல பத்தாண்டுகளாகச் சண்டை நடக்கிறது.

எண்ணெய் என்றதும் அந்த ஒரே சாலைக்கு வர வேண்டும். 1968இல் பிரூடோ வளைகுடாவில் எண்ணெய் கிடைத்தது. அதைத் தெற்கே வால்டிஸ் துறைமுகத்துக்குக் கொண்டுபோக 1,287 கிலோமீட்டர் குழாய் போட்டார்கள். குழாய் வேலைக்காக 1974இல் வெட்டிய லாரிப் பாதைதான் இன்றைய டால்டன் நெடுஞ்சாலை, 666 கிலோமீட்டர். பெரும்பகுதி சரளைக்கல். புரூக்ஸ் தொடரை அது கடக்குமிடம் அடிகன் கணவாய், 1,444 மீட்டர், பனிச்சரிவுகளுக்குப் பேர்போனது. கணவாய்க்குத் தெற்கே கோல்ட்ஃபூட் என்ற சிற்றூரில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினால் அப்புறம் 386 கிலோமீட்டருக்கு வேறு பங்க் கிடையாது. வழியில் இதுதான் வடகோடி ஸ்புரூஸ் மரம் என்று பலகை வைத்திருந்த மரம் ஒன்று இருந்தது. 2004இல் யாரோ ஒருவர் அதை வெட்டிச் சாகடித்துவிட்டார். எதற்கு என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை.

மரங்கள் வளரும் எல்லையான மரக்கோடு மட்டும் அந்தக் கோடரிக்கு அஞ்சவில்லை. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, தொடரின் மேற்குப் பகுதியில் பழைய எல்லைக்கு வெகு அப்பால் திறந்த தூந்திரத்தில் வெள்ளை ஸ்புரூஸ் கன்றுகள் செழித்து வளர்வதைக் காட்டியது. வெப்பம் கூடியது ஒரு காரணம். கடற்பனி குறைந்ததால் திறந்த கடலிலிருந்து ஈரம் வந்து கூடுதலாகப் பனி பொழிந்து, வேரைப் போர்த்திக் காப்பது இன்னொன்று.

அதைவிட விசித்திரம் ஆறுகளில் நடக்கிறது. கண்ணாடி போல் தெளிவாக ஓடிய ஓடைகள் ஆரஞ்சு நிறமாக மாறுகின்றன. மேற்கே கோபுக் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவிலுள்ள சால்மன் ஆறு 2019 வாக்கில் இப்படி ஆனது. 2024இல் வந்த ஆய்வு, புரூக்ஸ் தொடர் நெடுக இதுபோல் 75 ஓடைகள் இருப்பதாகப் பதிவு செய்தது. சுரங்கக் கழிவு என்று நினைக்கலாம். ஆனால் இந்த ஓடைகளில் பலவற்றின் தலைமாட்டில் ஒரு மண்வெட்டி விழுந்த சரித்திரம்கூடக் கிடையாது. உறைமண் உருகியதும், அதுவரை பூட்டிக் கிடந்த கந்தகக் கனிமங்களைத் தண்ணீரும் காற்றும் தொடுகின்றன. அமிலம் உண்டாகிறது, இரும்பு கரைந்து ஓடைக்கு வருகிறது, காற்றுப் பட்டதும் துருவாகப் படிகிறது. கூடவே துத்தநாகம், நிக்கல், காட்மியம் போன்ற உலோகங்களும் வருகின்றன. நிறம் மாறிய ஒரு கிளை ஓடையில் முன்பு வாழ்ந்த சிறு மீன்களும் பூச்சிகளும் அடியோடு இல்லாமல் போயின. கீழே ஆற்றோர ஊர்க்காரர்களுக்கு அந்த ஆறுகளில்தான் மீன், சிலருக்குக் குடிநீரும் அதுவே. ஆய்வாளர்கள் இப்போது பழைய செயற்கைக்கோள் படங்களைப் புரட்டி, எந்த ஓடை எந்தக் கோடையில் நிறம் மாறியது என்று ஒவ்வொன்றாகத் தேதி போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலானவை கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் நடந்தவை.

எனக்குக் கொடுத்த நேரம் முடிகிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பேச அழைத்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.