கிங் தெரு 43: பெக்கி பெட்டின்சன் விட்டுச் சென்றது

அவையோருக்கு வணக்கம்.

குத்துச்சண்டை புரொமோட்டர் என்றதும் வாயில் சுருட்டு, கழுத்தில் சங்கிலி, உரத்த குரல் என்று ஓர் ஆள் நம் கண்முன் வந்து நிற்பார். இன்று நாம் பேசப்போகிற மனிதருக்கும் குரல் பெரிதுதான். ஆனால் அவர் அதை உயர்த்தியது கூட்டத்தைக் கிளப்பிவிட அல்ல, கூட்டத்தை வாய்மூடச் சொல்ல.

ஆர்தர் ஃபிரெடரிக் பெட்டின்சன் என்பது முழுப்பெயர். ஊர் கூப்பிட்டது 'பெக்கி' என்று. 1882-ல் இங்கிலாந்தின் அமெச்சூர் லைட்வெயிட் சாம்பியன். 1891 மார்ச்சில் ஜான் ஃபிளெமிங்குடன் சேர்ந்து லண்டன் கோவென்ட் கார்டன் பகுதியில், கிங் தெரு 43-ஆம் எண் கட்டடத்தில், நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப்பைத் தொடங்கினார். தலைவர் நாற்காலியில் லான்ஸ்டேல் பிரபுவை உட்கார வைத்தார்கள். 1897-ல் ஃபிளெமிங் இறந்துபோக, அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் அங்கே பெட்டின்சன் சொன்னதுதான் சட்டம். 1926-ல் அவரும் போனார்.

அவரைப் பற்றி இரண்டு பேச்சு உண்டு. தெருச்சண்டையாகக் கிடந்ததை விளையாட்டாக்கியவர், எடைப்பிரிவும் பெல்ட்டும் தந்தவர் என்பது ஒன்று. கறுப்பின வீரர்களுக்குப் பட்டத்தின் கதவைச் சாத்திய அமைப்பின் எஜமானர் என்பது மற்றொன்று. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கழித்துப் பார்த்து மீதியைச் சொல்வதுதான் வழக்கம். எனக்கு அந்தக் கழித்தல் சரியாகப் படவில்லை. அவர் எந்தக் கருவியால் நல்லதைச் செய்தாரோ அதே கருவிதான் கெட்டதையும் செய்தது. அந்தக் கருவி, கிளப்பின் கதவு.

முதலில் சட்டம். இன்றைய குத்துச்சண்டைக்கு அடிப்படையான குவீன்ஸ்பெரி விதிகள் 1867-லேயே அச்சாகிவிட்டன. அதனால் ஒன்றும் குத்துச்சண்டை சட்டப்படி சரியாகிவிடவில்லை. 1882-ல் கோனி வழக்கில் நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பணத்துக்காக நடக்கும் பிரைஸ் ஃபைட் குற்றம், இருவரும் சம்மதித்துத்தான் அடித்துக்கொண்டோம் என்ற வாதம் எடுபடாது. ஆகவே எந்தப் போட்டியை நடத்தினாலும் தலைக்கு மேல் ஒரே கேள்வி தொங்கும். இது திறமையைக் காட்டும் பாக்ஸிங்கா, ஒருவன் விழும்வரை அடித்துக்கொள்ளும் சண்டையா?

கிங் தெருவில் நடந்த ஒவ்வொன்றையும் அந்தக் கேள்விக்குத் தயாரித்து வைத்த பதிலாகப் பாருங்கள். திங்கட்கிழமை இரவு. முதலில் சாப்பாடு, பிறகு போட்டி. பார்க்க வருகிறவர்கள் உறுப்பினர்களும் அவர்கள் அழைத்துவரும் விருந்தினர்களும், மாலை உடையில். ரவுண்டு நடக்கும்போது ஒருவரும் பேசக்கூடாது, கைதட்டல் இடைவேளையில்தான். யாராவது வாய் திறந்தால் பெட்டின்சன் எழுந்து நின்று அதட்டுவார், எதிரே இருப்பவர் பிரபுவா என்றெல்லாம் பார்க்க மாட்டார். அதைக் கனவான்களின் நாகரிகம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் பிரைஸ் ஃபைட்டின் மேல் போலீஸ் வைத்த குற்றச்சாட்டே கூச்சல், கலவரம், பொது அமைதிக் குலைவு என்பதுதான். அமைதியாக உட்கார்ந்திருக்கும் ஆயிரம் பேரைக் காட்டி அமைதி குலைந்தது என்று வழக்குப் போட முடியாது. அந்த மௌனம் ஒரு சாட்சியம்.

கிளப்பின் விதிகளும் அதே திசையில்தான் போகின்றன. ரிங் 14 அடிக்குக் குறையாமல், 20 அடிக்கு மிகாமல். ஒவ்வொரு கையுறையும் குறைந்தது 6 அவுன்ஸ். மூன்று நிமிட ரவுண்டு, ஒரு நிமிட ஓய்வு, அதிகபட்சம் 20 ரவுண்டு. மேலே ஓர் எல்லை வைத்ததிலேயே பாதி விஷயம் முடிந்துவிட்டது, ஏனென்றால் 'முடிவு தெரியும்வரை' என்பதுதான் பழைய சண்டையின் உயிர். எல்லை வைத்தால் யாரும் விழாமலே போட்டி முடியலாம். அப்போது வென்றது யார் என்று சொல்ல மதிப்பெண் வேண்டும். ரவுண்டில் சிறப்பாக ஆடியவருக்கு 5, மற்றவருக்கு அதற்குத் தக்கபடி குறைத்து. மூலையில் நிற்கும் உதவியாளர்கள் ரவுண்டு ஓடும்போது யோசனை சொல்லக்கூடாது. 'இடது கை, இடது கை' என்று பயிற்சியாளர் கத்திக்கொண்டே இருக்கும் இன்றைய போட்டியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்த அரங்கம் கோயில் கருவறை போலத் தோன்றியிருக்கும்.

கருவறை என்று சொல்லிவிட்டேன், அங்கே உயிர்ப்பலியும் நடந்தது. 1897 டிசம்பரில் ஆங்கிலேயர் வால்டர் கிரூட், அமெரிக்காவின் ஜிம்மி பாரியுடன் மோதி 20-வது ரவுண்டில் விழுந்தார், மறுநாள் இறந்தார். 1898-ல் டாம் டர்னர். 1900-ல் மைக் ரைலி. 1901 ஏப்ரலில் பில்லி ஸ்மித். நான்கு ஆண்டில் நான்கு பேர், ஒரே கட்டடத்தில்.

கொஞ்சம் நின்று இதைப் பார்க்க வேண்டும். ரிங்கில் ஆளைக் கொல்வது எப்போதும் குத்து மட்டும் அல்ல. குத்து வாங்கி நினைவு தப்பியவன் கையை ஊன்றித் தன்னைத் தாங்கிக்கொள்ள மாட்டான். உடம்பின் எடை மொத்தமும் பின்மண்டையில் இறங்கும். கீழே பலகைத் தரை. மண்டை ஓடு சட்டென்று நின்றுவிடும், உள்ளே மூளை நிற்காது. மூளைக்கும் அதன் உறைக்கும் இடையே ஓடும் மெல்லிய சிரைகள் அறுந்து இரத்தம் கசியும். கசிவு மெதுவாகக் கூடுவதால்தான் ஆள் சில மணி நேரம் கழித்துச் சாகிறான், சிலர் எழுந்து நடந்துபோய்க்கூடச் சாகிறார்கள். கிரூட் விஷயத்தில் தலை தரையில் மோதியதைத்தான் பழி சொன்னார்கள். 6 அவுன்ஸ் கையுறை குத்துபவனின் விரல் எலும்பைக் காக்கும். வாங்குபவனின் மூளைக்கு அதனால் பெரிய லாபமில்லை. சொல்லப்போனால், வெறுங்கையால் தலையில் ஓங்கிக் குத்த அஞ்சியவன் கையுறை மாட்டியதும் அஞ்சவில்லை. ரிங்கில் கான்வாஸுக்கு அடியில் மெத்தை போடுவது இன்று கட்டாயம். அந்தப் பாடத்துக்கு விலை கொடுத்தவர்களில் கிங் தெருவில் விழுந்தவர்களும் உண்டு.

ஸ்மித் இறந்ததும் அரசு சும்மா இருக்கவில்லை. எதிர்த்து ஆடிய ஜாக் ராபர்ட்ஸ், பெட்டின்சன், நடுவர், மூலை உதவியாளர்கள் என்று வரிசையாக ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்கள். கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல் என்பது குற்றச்சாட்டு. நான் முன்பு சொன்ன அதே கேள்வி ஜூரியின் முன் வந்தது. பாக்ஸிங்தான் என்று ஜூரி நம்பியது, எல்லாரும் விடுதலை. இங்கிலாந்தில் குத்துச்சண்டை இன்றுவரை தலைநிமிர்ந்து நடப்பதற்கு அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். அதை வென்றுகொடுத்தது பெட்டின்சனின் கதவும் மாலை உடையும் மௌனமும். இந்த வரவை யாரும் மறுக்க முடியாது.

அடுத்தது 1909. அதுவரை எடை என்பது ஆளாளுக்கு ஒன்று. ஒருவர் '9 ஸ்டோன் 4 சாம்பியன்' என்பார், இன்னொருவர் இரண்டு பவுண்டு தள்ளித் தானும் சாம்பியன் என்பார். கிளப் எட்டுப் பிரிவுகளை வகுத்தது. ஸ்டோன் என்றால் 14 பவுண்டு. ஃபிளை 8 ஸ்டோன், அதாவது 50.8 கிலோ. பேண்டம் 8 ஸ்டோன் 6 பவுண்டு. ஃபெதர் 9. லைட் 9 ஸ்டோன் 9. வெல்டர் 10 ஸ்டோன் 7. மிடில் 11 ஸ்டோன் 6, நம் கணக்கில் 72.6 கிலோ. லைட் ஹெவி 12 ஸ்டோன் 7. அதற்கு மேல் ஹெவி. நடுவில் எத்தனையோ புதுப் பிரிவுகளைச் செருகிவிட்டார்கள், ஆனால் இந்த எண்கள் அசையவில்லை. தொழில்முறைப் போட்டிக்கு முந்தைய நாள் தராசில் 126 பவுண்டு என்றும் 147 பவுண்டு என்றும் கூவுகிறார்களே, அவை இந்த 9 ஸ்டோனும் 10 ஸ்டோன் 7-உம்தான்.

பிரிவுக்கு ஒரு பெல்ட். தங்கம், எனாமல் வேலைப்பாடு. அதே ஆண்டு நவம்பரில் முதல் பெல்ட்டை லைட்வெயிட்டில் ஃபிரெடி வெல்ஷ் வென்றார். ஒரே எடையில் மூன்று பட்டப் போட்டிகளை வென்றால் பெல்ட் சொந்தம். சொந்தமாக்கியவருக்கு 50 வயதுக்குப் பிறகு வாரம் ஒரு பவுண்டு ஓய்வூதியம். மூக்குடைந்து கையில் காசில்லாமல் முடிகிற தொழிலில் இது சின்ன விஷயமல்ல.

ஆனால் பெல்ட்டை ஏன் அப்போது கொண்டுவந்தார்கள்? கிங் தெரு அரங்கில் இடம் ஆயிரத்துச் சொச்சம் பேருக்குத்தான். வெளியே ஒயிட்சேப்பல் பகுதியில் வொண்டர்லேண்ட் என்ற குத்துச்சண்டை அரங்கம் நிரம்பி வழிந்தது. பெரிய அரங்குகளை வாடகைக்குப் பிடித்து டிக்கெட் விற்ற புரொமோட்டர்கள் கிளப்பால் நினைத்துப் பார்க்க முடியாத பரிசுத்தொகையைக் காட்டினார்கள். வீரர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். அதே தொகையைக் கொடுக்க முடியாத பெட்டின்சன், வேறெங்கும் கிடைக்காத ஒன்றைக் கொடுத்தார். பெல்ட்டுக்கான போட்டி கிங் தெருவில்தான் நடக்கும். பணம் வேண்டுமா, வெளியே போ. சாம்பியன் என்ற பெயர் வேண்டுமா, இங்கே வா, கொடுப்பதை வாங்கிக்கொள். கெட்டிக்கார வியாபாரம். ஆனால் அன்றோடு, ஒரு நாட்டின் பட்டம் ஒரு தனியார் கிளப்பின் சொத்தானது. யார் உள்ளே வரலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் கூடவே போனது.

இனி நிறத்தடை. 'அந்தக் காலம் அப்படி' என்பார்கள். காலம் அப்படி இருக்கவில்லை. 1892-ல் இதே கிளப்பில் கறுப்பின வீரர் பீட்டர் ஜாக்சன், ஃபிராங்க் ஸ்லேவினைப் பத்தாவது ரவுண்டில் முடித்தார். பல ஆண்டுகள் அதைச் சிலாகித்தார்கள். 1907-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த ஆண்ட்ரூ ஜெப்தா, கர்லி வாட்சனை வீழ்த்தி வெல்டர்வெயிட்டில் பிரிட்டிஷ் பட்டம் பெற்றார். 1909-ல் சாம் லாங்ஃபோர்டைக் கிளப்பே வரவழைத்தது. பிரிட்டிஷ் ஹெவிவெயிட் ஐயன் ஹேக் நான்காவது ரவுண்டில் படுத்தார். அதாவது ரிங் திறந்திருந்தது. பெல்ட் வந்த பிறகுதான் பட்டம் மூடிக்கொண்டது.

முடுக்கிவிட்டது 1911. உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனுக்கும், அந்த ஏப்ரலில் கிங் தெருவில் பெல்ட் வென்ற பம்பார்டியர் பில்லி வெல்ஸுக்கும் அக்டோபர் 2 அன்று ஏர்ல்ஸ் கோர்ட்டில் போட்டி என்று ஜேம்ஸ் ஒயிட் என்ற வெளி புரொமோட்டர் அறிவித்தார். எஃப். பி. மேயர் என்ற பாதிரியாரின் தலைமையில் எதிர்ப்பு கிளம்பியது. உள்துறை அமைச்சர் சர்ச்சில் போட்டியைச் சட்டவிரோதம் என்றார், நீதிமன்றமும் தடுத்தது. வெள்ளையனைக் கறுப்பன் அடித்துச் சாய்க்கும் படம் காலனி நாடுகளில் ஓடினால் ஆட்சியின் மதிப்பு என்னாகும் என்பதுதான் அடியில் இருந்த பயம். அப்படி யாருடைய கண்களுக்கு அஞ்சினார்களோ, அந்தக் கூட்டத்தில் நம் பாட்டன்மாரும் உண்டு.

அதற்குப் பிறகு பிரிட்டிஷ் பட்டத்துக்கு ஆடுபவர் வெள்ளைப் பெற்றோருக்குப் பிறந்தவராக இருக்க வேண்டும் என்பது நடைமுறையாகி, விதிப் புத்தகத்திலும் ஏறியது. பெல்ட்டும் பட்டமும் நூறு புரொமோட்டர்களிடம் சிதறிக் கிடந்திருந்தால் இப்படி ஒரு தடை நிலைத்திருக்காது. எவனாவது ஒருவன் காசுக்காகவாவது மீறியிருப்பான். ஒரே கதவாக இருந்ததால் ஒரே பூட்டு போதுமானது. எழுதிய பேனா யாருடையதாக இருந்தாலும், கதவைச் செய்தவர் பெட்டின்சன்.

மான்செஸ்டர் குத்துச்சண்டை வீரர் லென் ஜான்சனைக் கேளுங்கள். அப்பா சியரா லியோன்காரர், அம்மா வெள்ளையர். 1925-ல் ரோலண்ட் டாட்டை வென்றார், 1927-ல் லென் ஹார்வியை வென்றார். ஹார்வி பிறகு பிரிட்டிஷ் சாம்பியன் ஆனார், ஜான்சனால் அந்தப் போட்டிக்குக் கையெழுத்துக்கூடப் போட முடியவில்லை. 1926-ல் ஆஸ்திரேலியாவில் பிரிட்டிஷ் பேரரசின் மிடில்வெயிட் பட்டம் வென்று திரும்பினார். ஊரில் அதை யாரும் ஏற்கவில்லை. 1933-ல் கையுறையைக் கழற்றிவிட்டார்.

1929-ல் கிளப் கிங் தெருவைக் காலி செய்தது. அதன் அதிகாரம் அதே ஆண்டு புதிதாக அமைந்த பிரிட்டிஷ் குத்துச்சண்டைக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் போனது. எடைகள், பெல்ட், நிறத்தடை மூன்றும் ஒரே மூட்டையில். வாரியம் பூட்டைக் கழற்ற இன்னும் ஏறக்குறைய இருபது ஆண்டு பிடித்தது. 1948 ஜூன் 28 அன்று பர்மிங்ஹாம் வில்லா பார்க் கால்பந்து மைதானத்தில், திறந்த வெளியில், டிக்கெட் வாங்கி வந்து இஷ்டப்படி கூச்சல் போட்ட கூட்டத்தின் முன் கறுப்பின வீரர் டிக் டர்பின், வின்ஸ் ஹாக்கின்ஸைப் புள்ளிகளில் வென்று மிடில்வெயிட் சாம்பியன் ஆனார். அவர் ஏறிய தராசில் எல்லை 11 ஸ்டோன் 6 பவுண்டு, கிங் தெருவில் 1909-ல் எழுதிய அதே எண்.