ஏறுனவன் இறங்கல

எல்லாருக்கும் வணக்கம். வெளிநாடு சுத்திப் பாக்கப் போனா பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் எப்படி காசு கட்டுறதுன்னு பேசக் கூப்பிட்டாங்க, என்னோட அசட்டுத்தனத்துல இருந்தே ஆரம்பிச்சுடறேன்.

லண்டன் பஸ்ல காசு வாங்குறத 2014லயே நிறுத்தியாச்சு. முன்னாடியே காசு போட்டு வெச்சுக்குற அந்த ஊரு பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டு, இல்லன்னா நம்ம பேங்க் கார்டயே மெஷின்ல காட்டலாம். பாதாள ரயில்னா உள்ள போறப்ப ஒரு தட்டு, வெளிய வர்றப்ப ஒரு தட்டு. நான் உள்ள போறப்ப போன்ல தட்டினேன், வர்றதுக்குள்ள போன்ல சார்ஜ் போயிடுச்சு, அதே கார்டுதானே போனுக்குள்ளயும் இருக்குன்னு பர்ஸ்லேர்ந்து கார்ட எடுத்துத் தட்டினா கேட்டும் திறந்துச்சு, நானும் ஜம்முனு வந்துட்டேன். மெஷினுக்கு போன் ஒரு ஆளு, கார்டு வேற ஆளாம்! ஏறுனவன் இறங்கல, இறங்குனவன் ஏறல, ரெண்டு பேர் கணக்குலயும் அதிகபட்ச கட்டணம். ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல எடுக்க மாட்டோம்னு அங்க ஒரு உச்சவரம்பு வேற இருக்கு, அதுவும் நாள் பூரா ஒண்ணுலயே தட்டினாதான். வீட்டுக்காரம்மாவுக்கும் சேத்து ஒரே கார்டுல தட்டலாம்னு நினைக்காதீங்க, ஆளுக்கு ஒண்ணு வேணும்.

கிளம்புறதுக்கு முன்னாடியே ஒரு வேலை இருக்கு. ரிசர்வ் வங்கி விதிப்படி 2020லேர்ந்து புதுசா வர்ற கார்டுல வெளிநாட்டு உபயோகமும், தட்டிக் கட்டுற வசதியும் ஆஃப்லதான் இருக்கும், பேங்க் ஆப்ல போய் நாமதான் ஆன் பண்ணணும். இத பண்ணாம பஸ் வாசல்ல நின்னு பத்து தடவ தட்டி, பின்னாடி க்யூ முறைக்கிறத வாங்கிக்கணுமா?

லண்டன் பஸ்ல ஏறுறப்ப மட்டும் தட்டினா போதும், அந்தப் பழக்கத்தோட சிங்கப்பூர் போனா அவ்ளோதான். அங்க தூரத்துக்குத் தகுந்த காசு, பஸ்ஸ விட்டு இறங்குறப்பவும் தட்டணும், மறந்தா கடைசி ஸ்டாப் வரைக்கும் புடிச்சுடும். வெளிநாட்டு கார்டுன்னா உபயோகிக்கிற ஒவ்வொரு நாளைக்கும் 60 சென்ட் கூடுதல்.

பெர்லின் கதையே வேற. ஸ்டேஷன்ல தடுக்குற கேட்டுன்னு ஒண்ணே கிடையாது, பேப்பர் டிக்கெட் வாங்கிட்டு பிளாட்ஃபார்ம்ல இருக்கற பெட்டில விட்டு முத்திரை குத்தணும். குத்தலன்னா டிக்கெட் கையில இருந்தும் வித்தவுட்தான், சாதா உடுப்புல பரிசோதகர் வருவாரு, 60 யூரோ. கண்டக்டர் கையால டிக்கெட் வாங்கிப் பழகின நமக்கு இது தோணவே தோணாது.

டோக்கியோவுலதான் எனக்கு நிம்மதி. சுயிக்கான்னு, முன்னாடியே காசு போட்டு வெச்சுக்குற அந்த ஊரு பயண கார்டுல காசு குறைஞ்சா வெளிய போற கேட் மூடிக்கும், பக்கத்துலயே ஒரு மெஷின், குறையுற யென்ன போட்டா முடிஞ்சுது, ஃபைன்லாம் இல்ல. சுற்றுலாக்காரங்களுக்குன்னு 28 நாள் கார்டு ஒண்ணு தர்றாங்க, அதுல மிச்சக் காசு திரும்ப வராது, அதனால கடைசி நாள் கடைக்குப் போய் அந்த கார்டுலயே சோத்து உருண்டையும் டீயும் வாங்கி பேலன்ஸ காலி பண்ணிட்டு ஃப்ளைட் ஏறினேன்.