கேட்க ஒரு காது, உட்கார ஒரு பெஞ்சு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் நகர்மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, எத்தனை வேலை இருந்தாலும் நம் கூட்டத்துக்கு ஒருமுறைகூட வராமல் இருந்திராத பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, நம் கிளை நூலகத்தின் நூலகர் அவர்களே, மைக் செட்டுக்கும் சுக்குக் காபிக்கும் ஒரு பைசா வாங்காமல் செய்து கொடுத்திருக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, உட்கார இடமில்லாமல் படிக்கட்டில் நிற்கும் தம்பி தங்கைகளே, எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் ஆரம்பிக்க மனம் வரவில்லை. இந்த வாசகர் வட்டத்துக்கு ஆள் வராத காலத்தில், நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருந்த கூட்டத்தையும் அவர் நானூறு பேர் கூட்டம் மாதிரியே நடத்தினார். நாலு பேருக்கும் பெயர் சொல்லி நன்றி சொன்னார். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று நான் மேடைதோறும் சொல்வது உங்களுக்குத் தெரியும், நான் சொல்வதை அவர் செய்துகொண்டே இருக்கிறார். அம்மா அவர்கள் வார்டுக்குச் செய்ததைச் சொல்ல ஆரம்பித்தால் இன்றைய தலைப்பு போய்விடும் என்பதால் ஒன்றே ஒன்று சொல்கிறேன், மழைக்காலத்தில் நூலக வாசலில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்குமே, அது இப்போது நிற்பதில்லை.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'மனதை மலர வைக்கும் மேடைப் பேச்சுகள்'. மூன்று விஷயம் சொல்லப் போகிறேன். ஒரு நல்ல பேச்சு நமக்குள் என்ன செய்கிறது, அது ஏன் இரண்டு நாளில் வடிந்துவிடுகிறது, மூன்றாவதாக, வீட்டில் பிள்ளைகளுக்கு எந்த வயதில் எந்த மாதிரிப் பேச்சைக் கேட்க வைக்கலாம்.

டெட் மேடை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1984-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஆரம்பித்தது. யாராக இருந்தாலும் 18 நிமிடத்துக்கு மேல் பேசக் கூடாது என்பது அங்கே சட்டம். 2006-லிருந்து அந்தப் பேச்சுகளை இணையத்தில் இலவசமாகப் போட ஆரம்பித்தார்கள், உலகமே கேட்க ஆரம்பித்தது. அந்த மேடைகளில் வந்த இரண்டு பேச்சுகளைத்தான் இன்றைக்கு உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

முதல் பேச்சு ராபர்ட் வால்டிங்கர் என்கிற மனநல மருத்துவர் 2015-ல் பேசியது. கால் மணி நேரம்கூட இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார்கள். 724 பேரைப் பிடித்து, அவர்கள் இளைஞர்களாக இருந்ததிலிருந்து கிழவர்களாகும் வரைக்கும் விடாமல் தொடர்ந்தார்கள். பாதிக்குக் குறைவான பேர் ஹார்வர்டில் படித்த வசதியான பையன்கள், மற்றவர்கள் பாஸ்டன் நகரத்தின் படு ஏழைப் பகுதிகளில், குழாயில் சுடுதண்ணீர்கூட வராத வீடுகளில் வளர்ந்த பையன்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேள்வித்தாள் போகும். வீட்டுக்கே போய்ப் பேசுவார்கள், ரத்தம் எடுப்பார்கள், மனைவியிடமும் பிள்ளைகளிடமும்கூடப் பேசுவார்கள். முதலில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வால்டிங்கர் அதை நடத்தும் நாலாவது இயக்குநர். அவர் மேடையில் சொல்கிறார், பாஸ்டன் ஏழை வீட்டுப் பையன்கள் 'என் வாழ்க்கையில் அப்படி என்ன இருக்கிறது, என்னை ஏன் இப்படித் துருவித் துருவிக் கேட்கிறீர்கள்' என்று கேட்பார்களாம். ஹார்வர்டுக்காரர்கள் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லையாம்!

இத்தனை வருடம் பார்த்து என்ன கண்டுபிடித்தார்கள்? பணமா, பதவியா, ஓயாத உழைப்பா? ஐம்பது வயதில் யாருக்குத் தன்னைச் சுற்றியிருக்கும் மனிதர்களோடு நல்ல உறவு இருந்ததோ அவர்தான் எண்பது வயதில் திடமாக இருந்தார். ஐம்பதில் எடுத்த கொழுப்புப் பரிசோதனையைவிட இது சரியாகச் சொன்னது. நல்ல உறவு என்றால் சண்டையே இல்லாத உறவு என்று நினைக்காதீர்கள். தினமும் எலியும் பூனையுமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த கிழத் தம்பதிகள்கூட, ஒன்று என்றால் இந்த ஆள் எனக்கு இருப்பான் என்கிற நம்பிக்கை இருந்தால் நன்றாகவே இருந்தார்களாம். இங்கே முன்வரிசையில் சில பேர் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை. நம் பாட்டிமார் வாசலில் உட்கார்ந்து சொன்னதை அவர்கள் ரத்தம் எடுத்துச் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இவ்வளவு நல்ல பேச்சைக் கேட்டால் மனது துள்ளுகிறது. அடுத்த நாள்? அதற்கு அடுத்த நாள்? இங்கேதான் என் தெருக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தெருவில் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். மனைவி தவறிவிட்டார், பையன் வெளிநாட்டில். மனிதர் காலை எழுந்ததிலிருந்து காதில் இயர்போனோடுதான் இருப்பார். தன்னம்பிக்கைப் பேச்சு, ஆன்மிகப் பேச்சு, டாக்டர் பேச்சு, பட்டிமன்றம், எதையும் விடமாட்டார். விடியற்காலை நாம் கண் விழிக்கும் முன்னால் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் அவர் அனுப்பிய பேச்சுகள் வரிசையாக நிற்கும். இவ்வளவு நல்ல வார்த்தை கேட்கிற மனிதர் எவ்வளவு சந்தோஷமாக இருக்க வேண்டும்? தெருவில் எதிரே வந்தால் தலையை நிமிர்த்திப் பார்க்கமாட்டார். சாப்பிட்டீர்களா என்று கேட்டால், ம் என்பார். அதோடு சரி.

2018 நவம்பர் 16, கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து நம் பக்கத்தை எப்படிப் புரட்டிப் போட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தென்னை ஒன்று நிற்கவில்லை, கரண்ட் கம்பம் ஒன்று நிற்கவில்லை. இரண்டாவது நாளே எல்லார் செல்போனும் அணைந்துவிட்டது. கண்டக்டருடையதும்தான். மூன்றாவது நாள் சாயங்காலம் அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். எதிர்வீட்டுப் பையன் ஒருவன், ஆறாவதோ ஏழாவதோ படிப்பான், சும்மா இருக்க முடியாமல் அவரிடம் போய், தாத்தா, பஸ்ஸில் உங்களுக்கு எல்லா ஸ்டாப்பும் மனப்பாடமாகத் தெரியுமா என்று கேட்டான்.

அவ்வளவுதான்! தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சூரக்கோட்டை இறங்கு, ஒரத்தநாடு இறங்கு, பாப்பாநாடு இறங்கு என்று அதே கண்டக்டர் குரலில் ஆரம்பித்தார். விரல் இடுக்கில் ரூபாய் நோட்டை நீளவாக்கில் மடித்துச் செருகிக்கொள்வார்களே, அதைக் காய்ந்த தென்னங்கீற்றை வைத்துச் செய்து காட்டினார். இடது கையில் டிக்கெட் கட்டைப் பிடித்துக் கட்டைவிரலால் எப்படிக் கிழிப்பது என்று காட்டினார். வாயில் விசில் ஊதினார், நாய் எல்லாம் எழுந்து ஓடியது. அப்புறம் கதைகள். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்காக எந்த ஸ்டாப்பிலும் நிற்காமல் வண்டியை நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கே ஓட்டச் சொன்னது, வண்டியில் இருந்த அத்தனை பேரும் ஒருவர்கூட முணுமுணுக்காமல் கூடவே போனது, அந்தக் குழந்தைக்குப் பயணிகளெல்லாம் சேர்ந்து சில்லறை சேர்த்துக் கொடுத்தது. மறுநாள் சாயங்காலம் திண்ணை நிறைந்துவிட்டது. அதற்கு மறுநாள் அரிக்கேன் விளக்கோடு பக்கத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள். தென்னந்தோப்பு முழுக்கப் போய், பேச்சு மூச்சில்லாமல் கிடந்த ஒரு விவசாயி அந்தத் திண்ணையில் வந்து உட்கார்ந்து முதல் தடவையாக வாய்விட்டு அழுதார். கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை போட்டுக்கொண்டார். அன்றைக்கு அந்த விவசாயி சாப்பிட்டார் என்று அவர் மனைவி வந்து சொன்னார்கள்.

பல நாள் கழித்துக் கரண்ட் வந்தது. தெருவே கைதட்டியது. அரை மணி நேரத்தில் எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் போய்விட்டோம். மறுநாள் காலை கண்டக்டர் என்னிடம் சொன்னார்: "சார், இந்தக் கரண்ட் இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருக்கலாம்."

இதிலிருந்து எனக்கு விளங்கியது, பேச்சில் குறையில்லை, தனியாகக் கேட்பதில்தான் குறை. கிருபானந்த வாரியார் சுவாமிகள் எப்படிப் பேசுவார்? கதை நடுவே முன்னால் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளைப் பார்த்துக் கேள்வி கேட்பார், சரியாகச் சொன்ன குழந்தைக்குச் சின்னப் புத்தகம் பரிசு கொடுப்பார். கேட்டவர்கள் வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் அதையே பேசிக்கொண்டு போவார்கள். பேச்சு பாதி, அந்த நடை பாதி. இன்றைக்குப் பேச்சு மட்டும் கைக்கு வந்துவிட்டது, கூட நடக்க ஆள் இல்லை.

இரண்டாவது பேச்சு இதற்கு வழி சொல்கிறது. ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டு மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2017-ல் பேசியது. அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டாள். மகளுக்கு மறுபடி முடியாமல் போனதும் ஆஸ்பத்திரிக்கு ஏன் உடனே கூட்டி வரவில்லை என்று தாயைக் கேட்டார். பஸ்ஸுக்கு 15 டாலர் இல்லை என்றார் அந்தத் தாய். நாடு முழுவதற்குமே விரல்விட்டு எண்ணிவிடும் அளவுக்குத்தான் மனநல மருத்துவர்கள். ஆஸ்பத்திரிக்கு ஜனங்கள் வர முடியாவிட்டால் ஜனங்களிடம் யார் போவது? ஹராரே நகரத்தில் ம்பாரே என்கிற இடத்தில் 14 பாட்டிகளைக் கூப்பிட்டார். ஏற்கெனவே ஊர் சுகாதாரப் பணியில் இருந்த பாட்டிகள். கேட்பது எப்படி, ஒருவரின் பிரச்சினைகளில் முதலில் எதை எடுப்பது, அதற்கு அவரையே எப்படி வழி யோசிக்க வைப்பது என்று பயிற்சி கொடுத்தார். மருத்துவமனைக்குள் அறை கொடுக்கவில்லை, அதனால் வெளியே மரத்தடியில் ஒரு மரப் பெஞ்சு. முதலில் மனநல பெஞ்சு என்று பெயர் வைத்தார், யாரும் வந்து உட்காரவில்லை. பாட்டிகள்தான் நட்பு பெஞ்சு என்று வையுங்கள் என்றார்கள், அதற்குப் பிறகு ஜனங்கள் வந்து உட்கார்ந்தார்கள். பிறகு ஹராரேயில் 24 மருத்துவமனைகளில் 573 பேரை வைத்து முறையாகச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு அப்படியே இருந்தது, பெஞ்சில் பாட்டியிடம் பேசியவர்களில் 100-க்கு 14 பேருக்குத்தான் இருந்தது.

நம்மிடமும் இந்த வழி உண்டு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய சினேகா என்கிற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் தொண்டர்கள் செய்வது முதலில் கேட்பதுதான். அரசாங்கத்தின் 14416 என்கிற மனநலத் தொலைபேசி உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது, தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள், வீட்டில் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

இப்போது நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். இந்த நூலகத்தின் மாடியில் ஒரு கூடம் இருக்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? ஜன்னல் வழியாகப் பார்த்தால் உடைந்த நாற்காலிகளும் கட்டிவைத்த பழைய செய்தித்தாள்களும் தெரியும். அதைத் திறந்து கொடுங்கள் என்று சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனு மேல் மனு கொடுத்துவிட்டோம், பதில் இல்லை. நாம் ஒன்றும் தர்மம் கேட்கவில்லை. 1948-லேயே நூலகத்துக்கென்று தனிச் சட்டம் போட்ட மாநிலம் இது. நாம் கட்டும் சொத்து வரியோடு ஒரு ரூபாய்க்கு பத்துப் பைசா நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம், ரசீதைப் பாருங்கள். பக்கத்தில் மன்னார்குடி மேலவாசலில் 1931-லேயே மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயிருக்கிறார்கள், சீர்காழியில் பிறந்த ரங்கநாதன் அவர்கள் உலகத்துக்கே நூலக விதிகளை எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பேர்ப்பட்ட மண்ணில் ஒரு கூடத்துக்குப் பூட்டா?

கேட்பது இவ்வளவுதான். தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தக் கூடம் திறந்திருக்க வேண்டும். கால் மணி நேரம் ஒரு நல்ல பேச்சை எல்லாரும் சேர்ந்து கேட்போம், செல்போனை ஒரு ஸ்பீக்கரில் போட்டால் போதும். மீதி நேரம் நாம் பேசுவோம். கீழே வேப்பமரத்தடியில் இரண்டு பெஞ்சு. ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நர்ஸம்மாக்கள், நம் கண்டக்டர் ஐயா மாதிரி மனிதர்கள் முறை வைத்து உட்காரட்டும். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க மாவட்ட மனநலத் திட்டத்து மருத்துவர்களைக் கேட்போம். பரீட்சையில் தோற்ற பிள்ளை, மருமகளோடு பேச்சு வார்த்தை இல்லாத மாமியார், கடன்காரனுக்குப் பயந்து வீட்டுக்குள்ளேயே இருப்பவர், யாரும் வந்து உட்காரலாம், ஏன் வந்தாய் என்று கேட்கமாட்டோம். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை, ஆனால் கூடுவதற்கு ஓர் இடம் வேண்டாமா?

மூன்றாவது விஷயம், பிள்ளைகள் பற்றி, அதற்கு நேரம் இல்லை, தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். தலைமையாசிரியை அம்மா அதை என்னைவிட நன்றாகப் பேசுவார்கள், அடுத்த மாதக் கூட்டத்தில் அவர்களையே பேசச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.

வெளியே போகும்போது நூலகர் மேசையில் ஒரு நீள நோட்டு இருக்கும். பெயர், தெரு, வாரத்தில் எந்த நாள் பெஞ்சில் உட்கார முடியும், மூன்றையும் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் தம்பிகளிடம் சொன்னால் எழுதித் தருவார்கள், கைநாட்டு வைக்க மையும் வைத்திருக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த நோட்டோடு இங்கிருந்தே எல்லாரும் சேர்ந்து அந்த அலுவலகத்துக்குக் கிளம்புகிறோம். கவுன்சிலர் அம்மாவும் கூட வருவதாக இந்த மேடையிலேயே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். குடை கொண்டு வாருங்கள், வெயில் அதிகம்.

நன்றி, வணக்கம்.